பொட்டுக்கு அடியில்

மகளின் தாடையோரத்தில் மூன்று கோடுகள் இருந்தன. ஒன்று சுட்ட செங்கல் நிறம், ஒன்று கோதுமை நிறம், மூன்றாவது இரண்டுக்கும் நடுவே எங்கேயோ. மெர்லின் என்கிற மேக்கப்காரப் பெண் பிரதீபாவின் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, "இதுல எது தோலோட கரையுதோ அதுதான் உங்க ஷேடு. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்" என்றாள். சோபாவில் உட்கார்ந்திருந்த வசந்தாமணி கோடுகளைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பிறகு எதையும் பார்க்காமல் தன் முறை எப்போது வரும் என்று கணக்குப் போட்டாள். கை தானாக நெற்றிக்குக் கிளம்பியது. பாதி வழியில் நினைவு வந்து காதோர முடியை ஒதுக்கிவிட்டு மடிக்குத் திரும்பியது. இரண்டு வருஷத்தில் அந்தக் கைக்கு அவ்வளவு பயிற்சி. பக்கத்தில் ஒரு தலையணை இடைவெளி விட்டு ருக்குமணி அம்மாள், வருகிற ஆவணியில் பிரதீபாவுக்கு மாமியாராகப் போகிறவள், காலை நீட்டிச் சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள். ஆடி மாதத்தில் நல்ல காரியம் பேசக்கூடாது, ஆனால் பவுடர் பூசிப் பார்க்க எந்தப் பஞ்சாங்கத்திலும் தடையில்லை. நிச்சயத்துக்கு என்ன பூசுவது என்று இன்றைக்கே பார்த்துவிடலாம் என்று பிரதீபாதான் ஏற்பாடு செய்தாள். போன வருஷம் தோழி கல்யாணத்தில் யாரோ எதையோ அப்பிவிட்டதில் கன்னமெல்லாம் தடித்து ஒரு வாரம் முக்காடு போட்டுத் திரிந்தவள் அவள். அதனால் இயற்கையான சாமான், மண்ணிலும் கல்லிலும் எடுத்த சாமான், வாசனை கிடையாது, மருந்து கிடையாது என்று விசாரித்து, பெருந்துறை ரோட்டில் மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் இருக்கும் இந்த மெர்லினைக் கண்டுபிடித்தாள். அதுவரைக்கும் சரி. நேற்று மத்தியானம் ருக்குமணி அம்மாள் போன் செய்து, "நானும் வாரனுங்க சம்பந்தி, நாமளும் ஆளுக்கொரு பூச்சுப் பூசிப் பாத்துக்கலாம்" என்று சொன்னபோதுதான் வசந்தாமணிக்கு அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. இந்தம்மா எதற்காக வருகிறாள்? ஐம்பத்தைந்து வயதில் திடீரென்று முகத்துக்கு என்ன பூச்சு வேண்டியிருக்கிறது? இதுவரை ஒரு பவுடர் டப்பாவைத் தாண்டாத முகம் அது. பார்க்கத்தான் வருகிறாள். பொட்டைக் கழற்றச் சொல்வார்கள் அல்லவா, அப்போது பார்க்கத்தான்.

அது முதலில் பாசிப்பயறு அளவுதான் இருந்தது. ஒரு சாயங்காலம் ரிசப்ஷனுக்குக் கிளம்பும்போது பழைய ஸ்டிக்கரை உரித்துவிட்டுப் புதுசு ஒட்டப் போனவள், நெற்றி நடுவில் வெளுப்பாக ஒன்றைப் பார்த்தாள். பசை மிச்சம் ஒட்டியிருக்கிறது என்று தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். சுற்றிலும் தோல் சிவந்தது, நடுவில் மட்டும் சிவக்கவில்லை. இன்னும் தேய்த்தாள். வெளியே அவள் வீட்டுக்காரர் தங்கவேல், "கெளம்புனயா இல்லையா, பந்தி முடிஞ்சு எலையெடுக்கப் போறயா" என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் அந்த இடத்தின் மேல் பொட்டை ஒட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பந்தியில் என்ன சாப்பிட்டாள் என்று இன்றைக்கும் தெரியாது. அன்றிலிருந்து அதற்கு மனசுக்குள்ளேகூட அவள் பேர் வைக்கவில்லை. பேர் ஒன்று ஊரில் இருக்கிறதுதான். அந்தப் பேர் மனசின் வாசலுக்கு வந்து நிற்கும், உள்ளே விடமாட்டாள். 'அது' என்றுதான் சொல்லிக்கொள்வாள். அது கொஞ்சம் பெரிசாகியிருக்கிறது. அது இன்றைக்கு அரிக்கிறது. அது பாசிப்பயறிலிருந்து துவரையானது, துவரையிலிருந்து மொச்சைக்கொட்டையானது. அது வளர வளர அவள் பொட்டும் வளர்ந்தது. ஃபேன்ஸி ஸ்டோரில், "இதுக்கும் பெரிய சைஸ் இருக்குதுங்களா" என்று கேட்டுக் கேட்டு, இப்போது ஒரு ரூபாய் அகலத்தில் வந்து நிற்கிறது. அதற்கு மேல் போனால் கடையில் இல்லை. அதற்கு மேல் அம்மன் சிலைக்கு வைப்பதுதான். வேடிக்கை என்னவென்றால், ஊரே அவள் பொட்டைக் கண்டு மகிழ்ந்தது. "என்னமோ வசந்தாமணி, இப்பத்தான் உனக்குக் களையே வந்திருக்குது" என்றார்கள் பக்கத்து வீட்டில். கோயிலில் ஒருத்தி காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கினாள். தங்கவேல் மட்டும் ஒருநாள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "மாரியாத்தா மாதிரி இருக்குது, ராத்திரி பயமா இருக்குது" என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். இருபத்தேழு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிற மனுஷன். பொட்டில்லாத அவள் நெற்றியை இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை என்பதே அவருக்குத் தெரியாது. தெரியாததற்காக அவர் மேல் கோபமும், தெரியாமலே இருக்கட்டும் என்று வேண்டுதலும் சேர்ந்து வந்தன.

"காதுக்குப் பின்னால துளி தடவிடறேன் ஆன்ட்டி. அரிச்சா, எரிஞ்சா உடனே சொல்லிடுங்க" என்று மெர்லின் குனிந்து, ஒரு குளிர்ந்த விரலால் வசந்தாமணியின் காதுமடலுக்குப் பின்னால் எதையோ தீற்றினாள். அடுத்து ருக்குமணி அம்மாளுக்கும் தீற்றினாள். "இதுல என்ன கண்ணு இருக்குது?" என்றாள் ருக்குமணி அம்மாள். "மைக்கா, ஜிங்க், கொஞ்சம் அயர்ன் ஆக்ஸைடு. எல்லாமே கல்லு, மண்ணுதாங்க ஆன்ட்டி." "மைக்கான்னா?" "மினுமினுன்னு இருக்குமே, ஏடு ஏடா உரியும், அந்தக் கல்லு." "அட, காக்காப்பொன்னு. எங்க தோட்டத்துல கெணறு வெட்டறப்ப வண்டி வண்டியா வந்துச்சு. அன்னிக்கே மூஞ்சில பூசியிருந்தா இன்னேரத்துக்கு நான் உலக அழகி." மெர்லின் சிரித்தாள். பிரதீபா தாடைக் கோடு கலையாமல் உதட்டை மட்டும் இழுத்துச் சிரித்தாள். வசந்தாமணியும் ஒரு மூச்சு பிந்திச் சிரித்து வைத்தாள். காதுக்குப் பின்னால் இருந்தது இரும்புத் துரு. தோசைக்கல்லில் துரு ஏறினால் புளி போட்டுத் தேய்க்கிறோம், மூஞ்சிக்கு மட்டும் தேடிப் பிடித்துப் பூசுகிறோம். அரிக்கிறதா? அரிக்கிற மாதிரி இருந்தது. அரித்தால் நல்லது! அந்த எண்ணம் வந்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அரித்துவிட்டால், "எனக்கு ஒத்துக்கலீங்க" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். நாற்காலியில் உட்கார வேண்டாம், பொட்டைக் கழற்ற வேண்டாம். அரி, நன்றாக அரி. அவள் காதுக்குப் பின்னால் முழு மனசையும் கொண்டுபோய் நிறுத்தினாள். ஏ.சி. காற்று அங்கே சில்லென்று பட்டது. எரிச்சல் இல்லை, அரிப்பு இல்லை, ஒரு குறுகுறுப்புக்கூட இல்லை. அரிக்க வேண்டிய நேரத்தில் அரிக்காத பாழாய்ப்போன பவுடர். போன வருஷம் நாட்டு மருந்துக் கடையில் கார்போக அரிசி வாங்கிவந்து, பாலில் இழைத்து 'அது' மேல் பூசிக்கொண்டு மாடியில் வெயிலில் நின்றாளே, அது மட்டும் ஒழுங்காக எரிந்தது. மறுநாள் கொப்புளம். கொப்புளம் உடைந்து நீர் கோத்தபோதும் அதன் மேல் பொட்டு. இயற்கைதானே, என்ன செய்துவிடும் என்று நினைத்தாள். எருக்கம்பாலும் இயற்கைதான். கடைக்காரர், "யாருக்குங்கம்மா?" என்று கேட்டார். "பக்கத்து வூட்டம்மாவுக்குங்க" என்று, ஒரு பாவமும் அறியாத, அப்பளம் போட்டுப் பிழைக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கு அந்த வியாதியைக் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த நாள் அந்தம்மா சுவர்மேல் எட்டி ஒரு கட்டு அப்பளம் நீட்டியபோது முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டாக்டரிடம் போயிருக்கலாம். போகாமல் இல்லை, தோல் டாக்டர் வீட்டுத் தெருமுனை வரைக்கும் போனாள். உள்ளே பெஞ்சில் யார் யார் உட்கார்ந்திருப்பார்களோ. ஈரோட்டில் தெரியாத மூஞ்சி என்று ஒன்று உண்டா? எல்லாம் ஒன்றுவிட்ட சொந்தம், இல்லாவிட்டால் இரண்டு விட்டது. அது மட்டுமில்லை. டாக்டர் பார்த்தால் பேர் சொல்லிவிடுவார். பேர் சொல்லாத வரைக்கும் அது வெறும் வெளுப்பு. சொல்லிவிட்டால் அது ராசாத்தி அத்தை. அப்பாவின் தங்கை. இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் வெளுத்து, உதட்டோரம் வெளுத்து, மற்றபடி சிற்பம் மாதிரி இருப்பாள். அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சண்டையில்லை, ஏச்சில்லை. அத்தை கறந்த பாலை ஊரில் யாரும் வாங்கவில்லை, அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வசந்தாமணியின் கல்யாணத்தில் அத்தை சமையல்கட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்தில் நின்றுகொண்டு, மேளம் கேட்டதும் அங்கிருந்தே அட்சதையைப் போட்டாள். அது யார் மேல் விழுந்ததோ. சொல்லாமலே எல்லாம் நடக்கும். அதுதான் பயம். ருக்குமணி அம்மாள் நாளைக்கு ஏசிவிட்டுப் போனால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஒன்றும் சொல்லாமல், "ஜாதகத்துல ஏதோ சிக்கலுங்க" என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டால்? புரோக்கர் முதல் நாளே கேட்டார். "அவிங்க பக்கம் விசாரிக்கச் சொன்னாங்க, வமுசத்துல சீக்கு, தேமலு, அந்த மாதிரி ஏதாச்சும்…" என்று அவர் இழுத்து முடிப்பதற்குள் வசந்தாமணி அடுப்படி வாசலில் இருந்து, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று பதில் சொன்னாள். அவ்வளவு வேகமாக அவள் எதற்கும் பதில் சொன்னதில்லை என்று தங்கவேலே திரும்பிப் பார்த்தார். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்; அவளுக்குக் கனம் நெற்றியில். பொய் சொல்லி, சம்பந்தம் உறுதி என்று உப்புச் சர்க்கரை மாற்றியாயிற்று. இனி உடைந்தால் ஜாதகத்தால் உடையாது, அவள் நெற்றியால் உடையும். பிரதீபா அந்தப் பையன் யுவராஜோடு போனில் பேசும்போது சிரிக்கிற சிரிப்பு வீட்டில் வேறு எதற்கும் சிரிப்பதில்லை. அந்தச் சிரிப்பை நிறுத்திய பாவம் தனக்கு வந்து சேர வேண்டுமா? மகளின் முழங்கையை, காது மடலை, விரலிடுக்கை, அவள் தூங்கும்போது போய்ப் பார்த்துவிட்டு வருவது வசந்தாமணிக்கு வழக்கமாகிவிட்டது. இதுவரை ஒன்றுமில்லை. இதுவரை. அத்தைக்கு எத்தனை வயதில் வந்தது? கேட்க அத்தை இல்லை.

"நடுவுல இருக்கற கோடு போயிருச்சு பாருங்க" என்றாள் மெர்லின். ஆமாம், செங்கல் இருந்தது, கோதுமை இருந்தது, நடுக்கோட்டைக் காணோம். பிரதீபாவின் தோலோடு தோலாகிவிட்டிருந்தது. மெர்லின் அந்த டப்பாவைத் திறந்து, மூடியில் துளி கொட்டி, பருத்த பிரஷைச் சுழற்றிச் சுழற்றிப் பூசினாள். பருத் தழும்பும் கண்ணோரக் கருமையும் மெல்ல மெல்ல அடங்கின. பீட்ரூட் சாயமாம், உதட்டுக்குத் துளி. பூசிய மாதிரியே இல்லை, ரொம்ப நாள் நன்றாகத் தூங்கி எழுந்தவள் மாதிரி இருந்தாள். "எப்டிம்மா?" என்று திரும்பினாள். "நல்லாருக்குது அம்மிணி" என்றாள் வசந்தாமணி. ருக்குமணி அம்மாள் கைப்பைக்குள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு நன்றாகப் பார்த்து, "என்ற பையனுக்கு இது கொஞ்சம் அதிகந்தான்" என்றாள். சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றாமலே வசந்தாமணி பக்கம் திரும்பினாள். திரும்பிய பார்வை எங்கே நின்றது? நெற்றியில் நின்றதா, நெற்றிக்கு மேல் பூவில் நின்றதா? மாதத்துக்கொருமுறை வந்துபோகும்போதெல்லாம் இந்தம்மா இப்படித்தான் ஒரு பார்வை பார்க்கிறாள். ஏதோ சொல்ல வருவது போல் வாயைத் திறந்து, காப்பியில் சர்க்கரை சரியாக இருக்கிறது என்று சொல்லி மூடிக்கொள்வாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று வசந்தாமணி தனக்கே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டால் பேய் போய்விடுகிறதா. "அடுத்து நீ வாம்மா" என்று பிரதீபா நாற்காலியை விட்டு எழுந்தாள். "எனக்கெதுக்கு, உன்ற அத்தைக்குப் பூசச் சொல்லு." "அட, மூத்தவளுக்குக் கடைசியாப் போதுமுங்க, நீங்க உக்காருங்க" என்றாள் ருக்குமணி அம்மாள். தலைவலி என்று சொல்லலாமா? பால்காரர் வருவார் என்று சொல்லலாமா? நாற்காலிக்குப் போகிற நாலு தப்படியில் அவள் நாற்பது பொய்களை எடுத்து உதறிப் பார்த்தாள், ஒன்றும் பொருந்தவில்லை. அப்போது அந்த மாரியாத்தாவே இரங்கின மாதிரி ருக்குமணி அம்மாளின் போன் அடித்தது. "ஆமாங்… என்னது, லோடு வண்டி வந்திருச்சா? தேங்காயை எண்ணாம ஏனுங்க ஏத்த உட்டீங்க?" என்று பேசிக்கொண்டே அவள் பால்கனிக் கதவைத் திறந்து வெளியே போனாள். போனே தேவையில்லை, அந்தச் சத்தம் நேராகவே தோட்டத்துக்குக் கேட்டிருக்கும்.

"பொட்டை எடுத்துடலாமா ஆன்ட்டி?" வசந்தாமணி பால்கனிக் கதவைப் பார்த்தாள். கண்ணாடிக் கதவு, அதற்கு அந்தப்புறம் ருக்குமணி அம்மாளின் முதுகு. சீக்கிரம். இப்போதே. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி அவளே உரித்தாள். எதிரே பெரிய கண்ணாடியில், வட்ட விளக்கு வெளிச்சத்தில், ஒளிவதற்கு ஒரு மூலை இல்லாமல் அது இருந்தது. குளியலறை மஞ்சள் பல்பில் பார்த்ததைவிட வெளுப்பாக, ஓரமெல்லாம் கொறித்த மாதிரி. பிரதீபாவின் முகம் கண்ணாடியில் அவள் தோளுக்கு மேல் வந்தது. "ம்மா. என்னம்மா இது?" "ஒண்ணுமில்ல." "எப்ப இருந்து?" "சத்தம் போடாத, அத்தைக்குக் கேக்கும்." "எப்ப இருந்துன்னு கேட்டேன்." "ரெண்டு வருசம்" என்றாள், தப்புச் செய்த பிள்ளை சொல்வது மாதிரி. பிரதீபாவின் கண் நிறைந்தது. பூசியது கலைந்துவிடும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டாள். மெர்லின் ஒருத்திதான் அங்கே பதறாமல் இருந்தவள். அவள் வேலைக்கு அது ஒரு நிற வித்தியாசம், அவ்வளவுதான். "இதுக்குத் தனியா ஒண்ணு இருக்கு" என்று கெட்டியான களிம்பு மாதிரி ஒன்றை எடுத்து, நுனி விரலால் தட்டித் தட்டி வைத்தாள். அதன் மேல், முகம் முழுக்கச் சேர்த்து, செங்கல் நிறத் தூள், அதன் மேல் லேசாகக் காக்காப்பொன். வசந்தாமணி கண்ணை மூடிக்கொண்டாள். கதவு திறக்கும் சத்தம் வருகிறதா என்று காதை அங்கே வைத்தாள். தேங்காய், மட்டை, மட்டைக்கு யார் பொறுப்பு என்று வெளியே வழக்கு நடந்துகொண்டிருந்தது. நடக்கட்டும், இன்னும் நாலு லோடு வரட்டும். "பாருங்க ஆன்ட்டி." கண்ணைத் திறந்தாள். இல்லை. நெற்றி ஒரே நிறமாக, சின்ன வயசில் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. முகத்தை இடது பக்கம் திருப்பினாள், வலது பக்கம் திருப்பினாள். இல்லை. இரண்டு வருஷமாக உள்ளே எங்கேயோ இறுக்கிப் பிடித்திருந்தது ஒன்று கைவிட்டுப் போய், அவள் நாற்காலியில் அப்படியே சரிந்து மூச்சு விட்டாள். இந்த டப்பா ஒன்று போதும், இதைப் பூசிக்கொண்டு நிச்சயத்தை முடித்துவிடலாம், கல்யாணத்தை முடித்துவிடலாம், பேரன் பேத்தி வரைக்கும் ஓட்டிவிடலாம். அவள் அந்த டப்பாவைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்து மூடியது. ருக்குமணி அம்மாள் போனை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்று, கண்ணாடியில் வசந்தாமணியைப் பார்த்தாள். "அடடா" என்றாள். "அந்த வெள்ளை எங்கீங்க? மறைஞ்சே போச்சு!" வசந்தாமணியின் கையில் டப்பா இருந்தது, கை இருந்ததா என்று தெரியவில்லை. எந்த வெள்ளை? புடவையில் சுண்ணாம்பு ஏதாவது பட்டிருந்ததோ? தலையில் நரையைச் சொல்கிறாளோ? நரைதான், நரையாகத்தான் இருக்க வேண்டும். "எ… எந்த வெள்ளைங்க?" "நெத்தியில இருந்துச்சே, பொட்டுக்குக் கீழ." "நீங்க எப்பப் பாத்தீங்க?" "பொண்ணுப் பாக்க வந்தன்னிக்கேதான்" என்றாள் ருக்குமணி அம்மாள், மழை எப்போது பெய்தது என்று கேட்டால் சொல்வது மாதிரி. "நீங்க அடுப்படியில வெந்துட்டு வடைத் தட்டோட வந்தீங்க. வேர்வையில பொட்டு வழுக்கிப் புருவத்து மேல வந்து உக்காந்திருந்துது. அத்தனை சனத்துல எப்படிங்க சொல்றது? அதான் கெளம்பறப்ப உங்க மொகத்தத் தடவி நெட்டி முறிச்சனே, அப்பக் கட்டை வெரல்ல மேல தள்ளி உட்டேன்." வசந்தாமணிக்கு அந்த நாள் முழுசாகக் கண் முன்னால் வந்தது. வாசலில் இரண்டு உள்ளங்கை கன்னத்தை வழித்ததும், நெற்றியில் ஒரு கட்டை விரல் அழுந்தியதும், நெட்டி சடசடவென்று முறிந்ததும். பாசக்காரியாக இருக்கிறாள், கொஞ்சம் மிகையாகத்தான் என்று அன்றைக்கு நினைத்தாள். அவர்கள் போனபின் கண்ணாடியில் பார்த்தபோது பொட்டு இருந்த இடத்தில் இருந்தது. தப்பித்தோம் என்று சாமிக்கு ஒரு கற்பூரம் ஏற்றினாளே. பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்திருக்கிறது, வீட்டுக்காரி பக்கத்தில் நின்று கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"பாத்துட்டுமா உப்புச் சர்க்கரை மாத்துனீங்க?" என்று கேட்டாள் வசந்தாமணி. "பொட்டு வழுக்குனதுக்குச் சம்பந்தத்தை உடுவாங்களா? நல்லாருக்குதே!" ருக்குமணி அம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என்ற தங்கச்சிக்கு அச்சு அசலா இதே எடத்துல வந்துச்சுங்க. அவ அழுத அழுகையில கெணறே ரொம்பியிருக்கும். கடைசியில டாக்டர் பாத்துட்டு, ஸ்டிக்கர்ல இருக்கற பசை சேராம வெளுத்திருக்குதுன்னுட்டாரு. ஒட்டறதை உட்டா. பரவறது நின்னு, ஒரு வருசத்துல பாதி கருத்துருச்சு. நீங்க என்னடான்னா, நான் வாரப்பெல்லாம் முந்தி ஒட்டுனதைவிடப் பெரிசா ஒட்டிட்டு நிக்கறீங்க. எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்குது. சொல்லலாம்னு வாயத் தொறப்பேன், பொண்ணெடுக்கற வூட்டுல போயி உங்க நெத்தி என்னாச்சுன்னு கேட்டா நீங்க என்ன நெனப்பீங்களோன்னு மூடிக்குவேன். மேக்கப்புன்னா பொட்டக் கழட்டித்தான ஆவோணும், அப்பப் பேச்சு தானா வரும்னுதான் இன்னிக்குக் கூடவே வந்தேன். அந்த நேரம் பாத்து இந்த மனுசன் தேங்கா லோடுங்கறாரு." பசை. வசந்தாமணி அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறைக்க மறைக்க வளர்ந்ததற்குக் காரணம் மறைத்ததுதான். பாசிப்பயறோடு விட்டிருந்தால் பாசிப்பயறோடு போயிருக்கும். ஒரு ரூபாய் அகலத்துக்கு அவளே தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறாள். ஆனாலும் இன்னொன்று கேட்காமல் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று. "ஒருவேளை பசை இல்லாம… அதுவாவே இருந்துட்டா? என்ற அத்தை ஒருத்திக்கு இருந்துச்சுங்க. புரோக்கர் கேட்டப்ப நான் இல்லைன்னுட்டேன்." பிரதீபா அம்மாவின் தோளைப் பிடித்தாள். ருக்குமணி அம்மாள் யோசித்தாள், நிஜமாகவே யோசித்தாள். "எங்க தங்கச்சிக்கும் மொதல்ல அதுன்னுதானுங்க நெனச்சோம். அதுக்குன்னு அவளுக்குத் தனித் தட்டா வெச்சோம்? வெள்ளையாப் போனா வெள்ளை. சோறு அதே சோறுதான, புள்ள அதே புள்ளதான. ஒருக்காப் போயி டாக்டர்கிட்டக் காட்டிருங்க, என்னன்னு தெரிஞ்சுக்கறது நல்லது. தனியாப் போகச் சங்கட்டமா இருந்தா நான் வாரேன் கூட, உக்காந்து காட்டுக் கதை பேசிட்டு இருக்கலாம்."

வசந்தாமணி அழுதாள். அழுகை என்று ஆரம்பித்தது. நடுவில் தேங்காய் லோடு ஞாபகம் வந்து சிரிப்பாகிவிட்டது, சிரித்துக்கொண்டே அழுதாள். "ஆன்ட்டி, ஆன்ட்டி, இது தண்ணி தாங்காது" என்று மெர்லின் டிஷ்யூவோடு பாய்ந்தாள். கன்னத்தில் செங்கல் நிறம் இரண்டு வாய்க்காலாக ஓடியது. "போகட்டும் உடு கண்ணு" என்றாள் வசந்தாமணி. உடம்பு காய்ச்சல் விட்ட மறுநாள் காலை மாதிரி இருந்தது, வலுவே இல்லை, பசி மட்டும் எடுத்தது. பஞ்சில் எண்ணெய் தொட்டு அவளே நெற்றியைத் துடைத்தாள். களிம்பு வந்தது, காக்காப்பொன் வந்தது, வெள்ளை மறுபடி வெளியே வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடிந்தது. பிரதீபா அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, "ரெண்டு வருசம், என்கிட்டச் சொல்லல. இரு, வீட்டுக்குப் போயி வெச்சுக்கறேன்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பொட்டில்லாத நெற்றியைப் பார்த்து மெர்லின் பழக்க தோஷத்தில் டிராயரைத் திறந்து ஒரு ஸ்டிக்கர் அட்டையை நீட்டினாள். "வேண்டாம்!" என்று மூன்று குரல் ஒன்றாகக் கிளம்பியதில் அந்தப் பெண் அட்டையைக் கீழே போட்டுவிட்டாள். ருக்குமணி அம்மாள் கைப்பையைக் குடைந்து, பண்ணாரியம்மன் கோயில் குங்குமப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். மோதிர விரலில் தொட்டுக்கொண்டு, வசந்தாமணியின் முகவாயை இன்னொரு கையால் நிமிர்த்தினாள். விரல் நேராக அந்த வெள்ளையின் நடுவில் வந்து அழுந்தியது, அருவருப்பு ஒன்றுமில்லாமல், பிள்ளைக்குத் திருநீறு பூசுகிற மாதிரி. இரண்டு வருஷத்தில் அந்த இடத்தை அவளைத் தவிர, அவள் அறியத் தொட்ட முதல் விரல் மெர்லினுடையது, அது தொழில். இது தொழில் இல்லை. விரல் வட்டமாகச் சுழன்று குங்குமத்தை அகலப்படுத்தத் தொடங்கியதும் வசந்தாமணி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சின்னதா வைங்க, போதும்."

"சின்னதா வெச்சா வெள்ளை தெரியுங்களே சம்பந்தி."

"தெரியட்டுங்க" என்றாள் வசந்தாமணி.